முப்பது ரூபாய்க் குமாஸ்தாவும் அவருடைய நண்பர்களும்

நண்பன் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவது ஒத்த வயதுடைய ஒருவனுடைய உருவமே. ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பள்ளியில் பிரம்படி பட்டு, ஏறக்குறைய ஒரே காலத்தில் வேலையில் அமர்ந்து, ஒரே காலத்தில் மணமும் புரிந்துகொண்டவனையே நாம் தோழன் என்கிறோம். மூத்தவர்களுக்கு மரியாதை செய்கிறோம். இளையவர்களுக்குப் புத்தி சொல்கிறோம். மூத்தவரோடு நட்புப் பாராட்டுவது அதிகப்பிரசங்கித்தனம் என்றும், இளையவனோடு நட்புப் பாராட்டுவது தன் கௌரவத்தைத் தானே குறைத்துக்கொள்வது என்றும் எண்ணுகிறோம். இந்த எண்ணத்தால் நம் சமூகம் அடைந்திருக்கும் நஷ்டத்துக்கு ஒருவரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

வள்ளுவர் நட்புக்கென்று தனி அதிகாரங்கள் வகுத்தார். பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தை அவற்றுக்கு வெகு முன்னதாக, அரசியலில் வேறாக வைத்தார். முன்னது சமானமானவர்களைப் பற்றியது, பின்னது சமானமல்லாதவர்களைப் பற்றியது என்று நாம் பிரித்துக்கொண்டு விடுகிறோம். ஆனால் இவ்விரண்டும் ஒன்றாகக் கூடும் இடம் ஒன்று உண்டு. வயதிலும் வாழ்க்கை நிலையிலும் வேறுபட்ட இருவர், ஒருவருக்கொருவர் ஆசானும் சீடனுமாக மட்டும் நின்றுவிடாமல், நண்பர்களாகவே ஆகிவிடும் இடம் அது. அந்த நட்பிலிருந்து பிறக்கும் ஊக்கத்தைச் சம வயதினர் நட்பிலே பெறுவது அரிது. சம வயதினன் நம்மோடு சேர்ந்து அதே இருட்டில் தடவிக்கொண்டிருப்பவன். மூத்தவனோ அந்த இருட்டைக் கடந்தவன். இளையவனோ அதற்குள் இன்னும் புகாதவன். இருவரிடமும் நம்மிடம் இல்லாத ஒன்று உண்டு.

இதை மெய்ப்பிக்க ஒரு குமாஸ்தாவின் சரித்திரத்தை வாசகர்கள் முன் வைக்கிறேன். நானும் ஒரு தோட்டக் கிராணி என்பதால் குமாஸ்தாக்களிடம் எனக்குச் சற்றே பக்ஷபாதம் உண்டு. ஆனால் இதை எழுத வேறொரு காரணமும் இருக்கிறது. அதை இறுதியில் சொல்லுகிறேன்.

1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியன்று, சென்னைத் துறைமுக நிர்வாகமாகிய போர்ட் டிரஸ்டின் கணக்குப் பகுதியில் ஒரு வாலிபர் குமாஸ்தாவாக வேலையேற்றார். மூன்றாம் வகுப்பு, நாலாம் படித்தரம். சம்பளம் மாதம் 30 ரூபாய். அவர்தாம் சீனிவாச இராமாநுஜன். ஆறே ஆண்டுகளில் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இன்று உலகில் உயர்தரக் கணிதம் கற்பிக்கப்படும் இடமெல்லாம் அவர் பெயர் வழங்குகிறது.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால் நம் நாட்டார் கூறும் விடை ஒன்று உண்டு. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே தோன்றிச் சூத்திரங்களை அருளினாள் என்பார்கள். இராமாநுஜனே அவ்வாறு நம்பினார் என்றும் கூறுவர். அவர் நம்பிக்கையோடு வழக்காட நான் வரவில்லை. சூத்திரம் அவர் உள்ளத்தில் எப்படி உதித்ததாயினும் ஆகுக. உள்ளத்தில் உதித்தது காகிதத்தில் ஏறி, கடல் கடந்து, உலகத்தார் கைக்கு வந்தது எப்படி என்பதே என் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கனவு விடை தராது. சில மனிதர்களுடைய பெயர்களே விடை தரும். தெய்வத்தின் பெயரை உரக்கச் சொல்லும் நாம் அந்த மனிதர்களின் பெயர்களை மறந்துவிட்டோம்.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ந் தேதி ஈரோட்டில், தாயின் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. குடும்ப வருவாய் போதாமையால் காலேஜ் மாணவர்கள் சிலருக்கு வீட்டிலேயே இடம் கொடுத்திருந்தார்கள். முதல் நட்பு இங்கே தொடங்குகிறது. பள்ளிச் சிறுவனாகிய இராமாநுஜன் அந்த மாணவர்களைக் கேள்வி கேட்டுத் துளைத்தான். அவர்கள் அவனைச் சின்னப் பையன் என்று துரத்தவில்லை. தாங்கள் அறிந்த கணிதத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். அது தீர்ந்தபோது புத்தகங்களைத் தேடிக் கொடுத்தார்கள். காலேஜ் மாணவர்கள் படிக்கும் திரிகோண கணித நூலொன்றைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவன் கரைத்துக் குடித்தது இவ்வாறுதான். அந்த மாணவர்கள் பின்னர் என்னவானார்கள் என்று ஒருவரும் தேடவில்லை. ஆயினும் ஒரு சிறுவனுடைய கேள்வியைத் தம் வயதொத்தவனுடைய கேள்வி போல மதித்துப் பதில் சொன்ன முதல் மனிதர்கள் அவர்களே.

அதன் பிறகு இருட்டுக் காலம் வருகிறது. 1904இல் கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறொன்றையும் படியாமையால் அந்தச் சம்பளத்தை இழந்தார். வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்து எப்.ஏ. பரீட்சையில் தோற்றார், அடுத்த ஆண்டும் தோற்றார். 1909இல் ஜானகி என்ற சிறு பெண்ணை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். பட்டமில்லை, உத்தியோகமில்லை, கையில் இருந்தவையெல்லாம் சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களே. அவர் வயதொத்த நண்பர்கள் அவரிடம் அன்புடையவர்களாகவே இருந்தனர். சோறு போட்டனர், தங்க இடம் கொடுத்தனர். ஆனால் அவர்களும் வேலை தேடிக்கொண்டிருந்த வாலிபர்கள். நோட்டுப் புத்தகத்தின் மதிப்பைச் சொல்லும் அறிவோ, சொன்னால் பிறர் கேட்கும் அந்தஸ்தோ அவர்களுக்கு இல்லை.

1910இல் இராமாநுஜன் திருக்கோவலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே. அவருக்கு அப்போது நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு, வந்தவருக்கு இருபத்திரண்டு. தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கொடுத்தால் போதும் என்று கேட்டு வந்த வாலிபர், சிபாரிசுக் கடிதத்துக்குப் பதிலாக நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். ஐயர் அதைப் புரட்டினார். பின்னர் அவர் செய்தது என்ன? வேலை கொடுக்கவில்லை! ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் இவரை உட்காரவைத்து இந்த மேதையை மழுங்கச் செய்யும் மனம் தமக்கு இல்லை என்றார். சென்னையிலுள்ள தம் கணித நண்பர்களுக்குக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். கேட்டதைக் கொடுத்து அனுப்புவது தருமம். கேட்டவன் தானே அறியாத தேவையை அறிந்து கேட்டதை மறுப்பது நட்பு. அதற்கு மூத்தோர் கண் வேண்டும்.

அந்தக் கடிதங்களின் வழியே, முன்பு கும்பகோணத்தில் தமக்குப் பாடம் சொன்ன சேஷு ஐயரை இராமாநுஜன் மீண்டும் கண்டார். அவர் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் திவான் பகதூர் ஆர். இராமச்சந்திர ராவிடம் சென்றார். அந்தச் சந்திப்பை இராமச்சந்திர ராவ் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். கணித ஞானம் நிரம்பியவன் என்ற இறுமாப்போடுதான் அந்த வாலிபரை உள்ளே வர அனுமதித்ததாகத் தம்மைத் தாமே கேலி செய்துகொள்கிறார். குள்ளமாகவும் பருமனாகவும், சவரஞ் செய்யாத முகத்தோடும், அவ்வளவாகச் சுத்தமில்லாமலும், ஆனால் ஒளி வீசும் கண்களோடும் வந்து நின்றார் இராமாநுஜன். நோட்டைப் பார்த்த கலெக்டருக்கு அது ஞானமா பிதற்றலா என்று தெரியவில்லை. பின்னொரு நாள் வரச் சொன்னார். மீண்டும் வந்த வாலிபர், எதிரே இருப்பவருடைய அறியாமையின் அளவை மதிப்பிட்டுக்கொண்டு, எளிய சூத்திரங்களிலிருந்து தொடங்கினார். படிப்படியாகக் கலெக்டரைக் கைப்பிடித்து மேலே அழைத்துச் சென்றார்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மாவட்டத்தையே ஆளும் அதிகாரி மாணவராகிறார். பரீட்சையில் இருமுறை தோற்றவர் ஆசிரியராகிறார். அந்த அதிகாரி அதை அவமானமாகக் கருதவில்லை. பிற்பாடு எழுத்திலே ஒப்புக்கொள்ளவும் கூசவில்லை. உமக்கு வேண்டுவது யாது என்று கேட்டார். கணிதம் செய்துகொண்டே உயிர் வாழ ஏதோ கொஞ்சம் போதும் என்றார் இராமாநுஜன். மாதந்தோறும் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பிவந்தார் ராவ். ஓராண்டு வரை இராமாநுஜன் அதைப் பெற்றார். பின்னர், பிறர் பணத்தில் உண்பது கூச்சமாயிருக்கவே, வேலை தேடிப் போர்ட் டிரஸ்டை அடைந்தார்.

அங்கேதான் இக்கட்டுரையின் நடுநாயகமான மனிதரைக் காண்கிறோம். அவர் பெயர் எஸ். நாராயண ஐயர், போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கர். எம்.ஏ. பட்டம் பெற்றுக் கணித ஆசிரியராயிருந்து இந்த உத்தியோகத்துக்கு வந்தவர். கணித சங்கத்தின் உறுப்பினர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த குடும்பஸ்தர். ஆபீசு முறைப்படி பார்த்தால் அவருக்கும் நாலாம் படித்தரக் குமாஸ்தாவுக்கும் பேச்சுத் தொடர்பே அரிது. தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி புதிதாக வந்த பையனோடு சரிசமமாக உட்கார்ந்து பேசியதை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

ஆனால் மாலையில் ஆபீசு முடிந்தபின் நிலைமை வேறு. திருவல்லிக்கேணியில், இன்று பாரதி சாலை எனப்படும் அன்றைய பைகிராப்ட்ஸ் சாலையில், நாராயண ஐயருடைய வீடு இருந்தது. அதன் மாடியில் இருவரும் எதிரெதிரே அமர்வார்கள். ஆளுக்கொரு பெரிய சிலேட்டுப் பலகை. காகிதம் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ஆகவே சிலேட்டில் எழுதுவதும் முழங்கையால் அழிப்பதும் மீண்டும் எழுதுவதும் இராமாநுஜனின் வழக்கம். இரவு நெடுநேரம் வரை பலகையில் பலப்பம் கீறும் ஒலி அந்த வீட்டாரைத் தூங்க விடுவதில்லை.

நாராயண ஐயர் நல்ல கணிதர்; ஆனால் இராமாநுஜனுக்குச் சமமானவர் அல்லர் என்பதை முதல் சில நாட்களிலேயே உணர்ந்துவிட்டார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே இராமாநுஜன் தாண்டிய தூரத்தை அவரால் தாண்ட முடியவில்லை. இந்நிலையில் உயர் உத்தியோகத்தர் ஒருவர் செய்யக்கூடியவை இரண்டு. புரிந்ததுபோல் தலையாட்டலாம், அல்லது, இது பைத்தியக்காரத்தனம் என்று நோட்டை மூடிவிடலாம். நாராயண ஐயர் மூன்றாவதொன்று செய்தார். நீ என்னுடைய அறிவின் மட்டத்துக்கு இறங்கி வர வேண்டும், உன்னுடைய இரண்டு படிகளுக்கு நடுவே எனக்காகப் பத்துப் படியாவது எழுத வேண்டும் என்று கேட்டார். உனக்கே வெளிச்சமாயிருப்பது என் போன்றாருக்கு விளங்காதபோது, மற்றவர்க்கு எப்படி விளங்கும் என்பது அவருடைய வாதம்.

இதுவே ஊக்கம் என்று நான் எண்ணுகிறேன். நாம் சாதாரணமாக ஊக்கம் என்று சொல்வது முதுகில் தட்டிக் கொடுப்பதை. சபாஷ் என்ற சொல் காசுக்குப் பெறாது. எனக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்துகொள்ள விரும்புகிறேன், ஆகையால் மெல்லச் சொல் என்று ஒரு மூத்தவன் இளையவனிடம் கேட்பது வேறு. அதிலே இளையவனுடைய உழைப்பின்மேல் மதிப்பு இருக்கிறது. தன் குறையை ஒப்புக்கொள்ளும் நேர்மை இருக்கிறது. இரவு முழுதும் கூட உட்காரும் செலவும் இருக்கிறது.

அதன் பயனும் சிறிதன்று. இராமாநுஜனின் முதல் கட்டுரை 1911இல் கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தபோது, அவர் எழுத்து மிகச் சுருக்கமாயும் தெளிவு குன்றியும் இருந்தமையால் ஆசிரியருக்கும் அவருக்குமிடையே திருத்தத்துக்காகப் பலமுறை போய்த் திரும்பிற்று. கண்டதைக் காணாதவர்க்குச் சொல்லும் வித்தையை அவர் இன்னும் கற்க வேண்டியிருந்தது. அதை அவர் பழகிய இடங்களுள் தலைமைக் கணக்கரின் மாடி ஒன்று என்று சொல்வது பிழையாகாது.

போர்ட் டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியியல் வல்லுநர். அறுபதைத் தாண்டியவர். நாராயண ஐயர் அவரிடமும் இடைவிடாது பேசி, தம் குமாஸ்தாவின் அருமையை உணர்த்தினார். இவ்வாறு இருபத்தைந்து வயதினனுக்காக நாற்பது வயதினரும், அவர் பேச்சுக்கு இணங்கி அறுபது வயதினரும் எழுந்தனர். சீமையிலுள்ள பேராசிரியர்களுக்கு எழுதுமாறு இராமாநுஜனைத் தூண்டினர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பெரியோர் இருவர் ஊக்கமான மறுமொழி தரவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ந் தேதி மூன்றாமவராகிய ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் சென்றது.

ஹார்டி பத்தாண்டு மூத்தவர்; டிரினிடி காலேஜின் புகழ்பெற்ற கணிதர். முதலில் இது மோசடியோ என்று ஐயுற்றார். அன்றிரவே தம் சகாவாகிய லிட்டில்வுட்டோடு அமர்ந்து பார்த்ததில், எழுதியவர் முதல் தரமான மேதை என்பது உறுதியாயிற்று. பிப்ரவரி 8ந் தேதி மறுமொழி எழுதினார். வியப்பைத் தெரிவித்தார், நிரூபணங்களை அனுப்புமாறு வற்புறுத்தினார். திருவல்லிக்கேணி மாடியில் கேட்கப்பட்ட பத்துப் படிகளை இப்போது கேம்பிரிட்ஜும் கேட்டது!

அதற்கு அதே மாதம் 27ந் தேதி இராமாநுஜன் எழுதிய பதிலில், தம் உழைப்பைப் பரிவோடு நோக்கும் நண்பர் ஒருவரை ஹார்டியிடம் கண்டுகொண்டதாக எழுதினார். தாம் அரைப்பட்டினியாக இருப்பவர் என்பதையும், மூளையைக் காப்பாற்றச் சோறு வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. இவர் எதிர்பார்த்தது ஒரு ஞானாசிரியனை என்று நாம் நினைப்போம். அவர் கடிதத்தில் இட்ட சொல் நண்பன் என்பதே. உறையூர்ச் சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே நட்புற்ற கதையை நாமெல்லோரும் அறிவோம். அது புலவர் கற்பனையன்று, மனிதருக்கு இயல்வதே என்பதை இக்கடிதங்கள் காட்டுகின்றன.

அதன் பின்னர்க் காரியங்கள் விரைந்தன. 1913 மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து சொற்பொழிவுக்காக வந்த நெவில் என்ற இளைஞர், இராமாநுஜனைவிட ஓராண்டு இளையவர், அவரோடு பழகிச் சீமைக்கு வரச் சம்மதிக்கச் செய்தார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஆகாது என்று உறவினர் தடுத்த காலம் அது. அதே காலத்தில், அதே துறைமுகத்திலிருந்து, நம்முடைய பாட்டன்மாரும் பூட்டிமாரும் கூட்டங்கூட்டமாக மலாய் நாட்டுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தனர். அவர்களை ஆசாரத்தின் பேரால் தடுக்க ஒருவரும் வரவில்லை.

1914 மார்ச்சு 17ந் தேதி 'நெவாசா' என்ற கப்பலில் இராமாநுஜன் புறப்பட்டார். புறப்படுமுன் நடந்த ஒரு சிறு சம்பவத்தை நாராயண ஐயருடைய குமாரர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். இருவரும் தங்கள் சிலேட்டுப் பலகைகளை மாற்றிக்கொண்டார்கள். தலைமைக் கணக்கர் விரும்பிக் கேட்டுப் பெற்றது, முழங்கை பட்டுத் தேய்ந்த தம் குமாஸ்தாவின் பலகையை. இந்த நட்பில் பெற்றவர் இளையவர் மட்டுமல்லர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆபீசுக் கணக்கிலே மூழ்கி, கணிதத்தை இளமைக் கனவாக மறந்திருக்க வேண்டிய ஒருவருக்கு, அந்த இரவுகள் தம் வாலிபத்தை மீட்டுக் கொடுத்தன என்று கொள்ளலாம்.

கேம்பிரிட்ஜில் இராமாநுஜன் அடைந்த வெற்றிகளை விரித்துரைக்க இது இடமன்று. 1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடி காலேஜின் பெல்லோவானார். ஹார்டியும் அவரும் ஏறக்குறைய நாள்தோறும் சந்தித்தனர். கணித வன்மைக்கு மதிப்பெண் இடுகையில் தமக்கு 25ம் லிட்டில்வுட்டுக்கு 30ம் கொடுத்த ஹார்டி, இராமாநுஜனுக்கு 100 கொடுத்தார் என்பர். தம்மைவிட இளையவனை இவ்வாறு உயர்த்திச் சொல்லக் கூசாத மனிதர் அவர்.

ஆயினும் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். ஹார்டியின் நட்பு கணிதத்தின் வாசற்படியோடு நின்றுவிட்டது. அவர் கூச்சமுள்ளவர், பிறருடைய அந்தரங்கத்தில் நுழைவதை அநாகரிகம் என்று கருதும் மரபில் வளர்ந்தவர். யுத்த காலம், சைவ உணவு கிடைப்பது அரிது, நண்பர் தனியே சமைத்து, வேளை தவறி உண்டார். ஊரிலே மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. மனைவியின் கடிதங்கள் அவரை வந்தடையவில்லை. 1917இல் நோயில் விழுந்தார். 1918இல் லண்டன் நிலத்தடி இரயில் பாதையில் விழுந்து உயிர் விட முயன்றார், தற்செயலாகத் தப்பினார். புட்னியில் நோயாளியாய்க் கிடந்த அவரைக் காண ஹார்டி வாடகை மோட்டாரில் வந்தார். வந்தவர் உடம்பு எப்படி என்று கேட்கத் தெரியாமலோ என்னவோ, தாம் ஏறிவந்த வண்டியின் எண் 1729 சுவையற்றது என்று பேச்சைத் தொடங்கினார். அன்று, இரு கன எண்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்று இராமாநுஜன் உடனே சொன்ன விடையை உலகம் போற்றுகிறது. அந்த விடையைக் கேட்டு நாம் வியக்கிறோம். அந்தப் படுக்கையையும் சற்று நினைக்க வேண்டும்.

இதற்கு மாறாக மற்றொரு நிகழ்ச்சி. 1914ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வங்காளத்து மாணவர் ஒருவர் இராமாநுஜனுடைய அறைக்கு வந்தார். அவர் பெயர் மகலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியாவின் புள்ளியியல் தந்தை எனப்பட்டவர். இராமாநுஜனைவிட ஐந்தரை ஆண்டு இளையவர். இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். எந்நேரமும் குளிர்தான், மேல்கோட்டோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்றார் இராமாநுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். மெத்தையின் மேல் கம்பளிகள் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமாநுஜனுக்குத் தெரியாது! கம்பளியை விலக்கி எப்படிப் படுப்பது என்று அந்த இளைஞர் காட்டிக் கொடுத்தார். உலகக் கணிதர்களெல்லாம் கண்டுகொள்ளாத குளிரை ஒரு மாணவன் கண்டுகொண்டான். கேட்டதனால்தான் கண்டுகொண்டான்.

1919இல் இராமாநுஜன் நோயோடு தாய்நாடு திரும்பினார். திரும்புமுன், சர்வகலாசாலை தமக்குத் தர முன்வந்த ஆண்டு 250 பவுனில் பெற்றோருக்கும் தம் செலவுக்கும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளம் குறைப்பது போன்ற கல்விக் காரியங்களுக்குச் செலவிடுமாறு எழுதினார். தமக்குப் பிறர் செய்ததை, தாம் கண்டறியாத சிறுவர்களுக்குத் திருப்பிச் செய்ய விரும்பினார். 1920 ஏப்ரல் 26ந் தேதி, சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் மாண்டார். கடல் கடந்தவர் என்பதனால் ஆசார உறவினர் பலர் இறுதிக் கடனுக்கு வரவில்லை என்றும், அதற்கான ஏற்பாட்டைச் செய்வித்தவர் இராமச்சந்திர ராவே என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர். பத்தாண்டுகளுக்கு முன் இறுமாப்போடு உள்ளே வர அனுமதித்தவர், இறுதிவரை நண்பராக நின்றார்.

இந்தச் சரித்திரத்தைப் படித்து முடித்தபின் நான் கண்டது இது. டிப்டி கலெக்டர், கலெக்டர், தலைமைக் கணக்கர், வங்காள மாணவர் ஆகிய இவர்களில் ஒருவரும் இராமாநுஜனுக்கு நிகரான அறிவுடையவர் அல்லர். அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. மேதைக்கு ஊக்கமளிக்க மேதை வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து பார்க்கும் பொறுமையும், புரியவில்லை என்று சொல்லும் நேர்மையும், குளிர்கிறதா என்று கேட்கும் அன்பும் போதும். இவை தோட்டத்து லயத்திலும் பட்டணத்துக் கடைவீதியிலும் கிடைக்காத பொருள்கள் அல்ல.

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் தோட்டத்தில் நாள்தோறும் காலையில் மழை அளவைக் குறித்து வைப்பது என் கடமைகளில் ஒன்று. சென்ற ஆண்டு, பள்ளி இறுதிப் பரீட்சையில் தவறிய பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஆபீசு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். ஆபீசு அறிவிப்புப் பலகையில் நான் எழுதும் மழை அளவை இரண்டாண்டுகளாக ஒரு நாள் தவறாமல் அதில் குறித்து வைத்திருந்தான். கோடுகளும் கட்டங்களும் போட்டு ஏதோ கணக்கிட்டிருந்தான். "கிராணி ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். மழைக்கு ஒரு முறை இருக்கிறதுபோல் தெரிகிறது" என்றான்.

நான் இரண்டு பக்கம் புரட்டினேன். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல என் நாற்காலி இடங்கொடுக்கவில்லை. "இதெல்லாம் சோறு போடுமா, தம்பி? முதலில் பரீட்சையைத் தேறுகிற வழியைப் பார்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "சரிங்க ஐயா" என்று போனான். இரண்டு மாதத்துக்கெல்லாம் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அவன் தகப்பனார் சொன்னார்.

அவன் நோட்டில் இருந்தது ஞானமா பிதற்றலா என்று எனக்குத் தெரியாது. இராமச்சந்திர ராவுக்கும் முதல் நாள் தெரியவில்லை. ஆனால் அவர் மறுபடியும் வரச் சொன்னார். எனக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு சொல்தான்.

அன்பர்களே, நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யார் கையில் எந்த நோட்டு இருக்கிறது என்பதை நாம் கேட்டால்தான் தெரியும். ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்திருக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காரும் இளைஞர்கள் எத்தனை பேர்? ஆசான் வேண்டாம், சீடன் வேண்டாம்; நண்பர்களாகப் பழகுவோம்.

சென்ற வாரம் அந்தப் பையனுடைய விலாசத்தை அவன் தகப்பனாரிடம் கேட்டு வாங்கிக் கடிதம் எழுதினேன். தம்பி, அன்று உன் நோட்டு எனக்குப் புரியவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். விடுமுறைக்கு வரும்போது அதைக் கொண்டு வா, எனக்கு விளங்கும்படி நடுவே பத்துப் படி எழுதிக் காட்டு என்று எழுதியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை. மழை அளவை மட்டும் நாள்தோறும் காலையில், முன்னைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில், பலகையில் எழுதி வருகிறேன்.